கட்டை விரலுக்கு முதல் வேலை: கிட்டார் கேள்வி-பதில்

சென்ற இதழில் பிக் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) பிடிப்பதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "பிக்கே இல்லாமல் வாசிப்பது எப்படி, அதைச் சொல்லுங்கள்" என்றுதான் கேட்கின்றன. சரி, இந்த முறை முழுக்க விரல் விவகாரம்.

எனக்கு பிக் சரிப்பட்டு வரவில்லை சார். பிடித்தால் சுழன்றுவிடுகிறது, இல்லாவிட்டால் கிட்டார் ஓட்டைக்குள் விழுந்துவிடுகிறது. அதனால் விரலாலேயே வாசிக்கிறேன். கிளாஸில் மாஸ்டர் "இது சோம்பேறித்தனம்" என்று திட்டுகிறார். உண்மையா?
- கல்லூரி மாணவர், திருச்சி

முதலில் உள்ளே விழுந்ததை வெளியே எடுங்கள், இல்லையென்றால் வாசிக்கும்போதெல்லாம் கடகடவென்று கூடவே பாடும். கண்டபடி குலுக்க வேண்டாம். கிட்டாரை மெல்லச் சாய்த்துச் சாய்த்து, பிக் ஓட்டைக்கு நேர் கீழே பின்பலகையில் வந்து நிற்கிற மாதிரி செய்து, சட்டென்று ஒரே புரட்டாகக் கவிழ்த்தால் மடியில் விழும். நான்கு தடவை முயன்றால் ஒரு தடவை விழும்.

அப்புறம் சோம்பேறித்தனம். கிட்டாருக்குக் குடல் நரம்பு கட்டிய காலத்தில் ஃபெர்னாண்டோ சோர் போன்ற ஸ்பானிய மேதைகள் விரலால்தான் வாசித்தார்கள், இன்றைக்கும் கிளாசிக்கல் கிட்டார் என்றால் பிக்குக்கு அங்கே வேலையே கிடையாது. அமெரிக்காவில் நடன பேண்டுகளில் டிரம்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவே கிட்டார் காதில் விழ வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது இரும்புக் கம்பியும் பிக்கும் சேர்ந்து கை கொடுத்தன. எலெக்ட்ரிக் கிட்டாரிலும் பிக் கட்டாயமில்லை. டைர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாப்ஃப்ளர் வெறும் கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மூன்றை வைத்துக்கொண்டுதான் உலகம் சுற்றினார். ஜெஃப் பெக் பாதி வாழ்க்கை பிக்கோடு வாசித்துவிட்டு அப்புறம் அதைத் தூக்கிப் போட்டவர். இவர்களைப் போய் யாராவது சோம்பேறி என்பார்களா?

இருந்தாலும் உங்கள் மாஸ்டர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வேகமான ஸ்ட்ரம்மிங்கை, அதாவது கம்பிகளை மொத்தமாக வருடுவதை, ஒரு மணி நேரம் விடாமல் அடிப்பதற்கும், ஒற்றைக் கம்பியில் சரசரவென்று ஓடும் வரிகளுக்கும் பிக் போல வராது. அது கையில் நிற்கவில்லை என்பதற்காக விரலுக்கு ஓடிவந்திருந்தால் இங்கேயும் ஏதாவது ஒன்று நிற்காது, அப்போது எங்கே ஓடுவீர்கள்? ஆனால் ஒரு பிக் ஒரு நேரத்தில் ஒரு கம்பியைத் தட்டும், அல்லது வரிசையாக வருடிக்கொண்டு போகும், அவ்வளவுதான். 5-வது கம்பியையும் 1-வது கம்பியையும் ஒரே நொடியில், நடுவில் இருக்கும் மூன்றையும் தொடாமல் ஒலிக்கவைக்க அதனால் ஆகாது. விரலுக்கு அது முதல் நாள் பாடம்.

எந்த விரலுக்கு எந்தக் கம்பி? வீடியோ பார்த்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
- இல்லத்தரசி, கோவை

பொதுவான ஏற்பாடு இதுதான்: மேலே இருக்கும் மூன்று தடித்த கம்பிகள், அதாவது 6, 5, 4, கட்டை விரலின் சொத்து. 3-வது ஆள்காட்டிக்கு, 2-வது நடு விரலுக்கு, 1-வது மோதிர விரலுக்கு. சுண்டு விரலுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. புத்தகங்களில் பி, ஐ, எம், ஏ என்று நான்கு எழுத்து போட்டிருப்பார்கள், அவை அந்த விரல்களின் ஸ்பானியப் பெயர்களுடைய முதல் எழுத்துகள்.

நான் பார்த்தவரை எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். முதல் நாளே நான்கு விரலையும் களத்தில் இறக்கிவிடுவார்கள், கட்டை விரல் மற்றவற்றைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறும். நீங்கள் முதல் வாரம் கட்டை விரலை மட்டும் வேலைக்கு அனுப்புங்கள். சி கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்து, 5-வது கம்பி, 4-வது கம்பி, மறுபடி 5, மறுபடி 4 என்று, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து அடியோடு அடியாகத் தட்டிக்கொண்டே இருங்கள். அப்படியே ஏ மைனர், அதற்கும் 5, 4. ஜி கார்டுக்கு மாறினால் 6, 4. அலுப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, கட்டை விரல் தடுமாறாமல் தட்ட வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அந்தப் பாடம் முடிந்தது. என் மாணவர்களிடம் நேற்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன். பதில் சொல்லும்போது விரல் நின்றால் இன்னும் இரண்டு நாள்.

அடுத்த வாரம் மற்ற விரல்களைக் கூப்பிடலாம். நான்கு அடி எண்ணுங்கள். முதல் அடியில் கட்டை விரலும் நடு விரலும் சேர்ந்து, ஒரு சிட்டிகை உப்பை எடுக்கிற மாதிரி, 5-வதையும் 2-வதையும் ஒன்றாகக் கிள்ளட்டும். இரண்டாம் அடியில் கட்டை விரல் தனியாக 4-வதைத் தட்டும், அந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நடு விரல் 2-வதை இழுக்கும். மூன்றாம் அடியில் கட்டை விரல் 5-வது, அதற்குப் பின் இடைவெளியில் ஆள்காட்டி 3-வது. நான்காம் அடியில் கட்டை விரல் 4-வது. அவ்வளவுதான், திரும்ப முதலில் இருந்து. வாயால் "ஒன்று, இரண்டு-ம், மூன்று-ம், நான்கு" என்று சொல்லிக்கொண்டே செய்தால் சீக்கிரம் பிடிபடும். இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி ஒரு பிரமை திடீரென்று ஒரு நாள் வரும், அன்றைக்குக் கிட்டாரைக் கீழே வைக்க மனசு வராது.

இதற்கு டிராவிஸ் பிக்கிங் என்று பெயர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மியூலன்பர்க் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 1917-இல் பிறந்த மெர்ல் டிராவிஸ் என்ற கிட்டார் கலைஞரின் பெயர். அவராகக் கண்டுபிடித்ததில்லை, அந்த ஊரில் மோஸ் ரேகர், ஐக் எவர்லி போன்றவர்களிடம் பார்த்துப் பழகியதுதான். டிராவிஸ் பயன்படுத்தியது பெரும்பாலும் கட்டை விரலும் ஆள்காட்டியும் மட்டும்! இதை ரேடியோவில் கேட்ட ஒரு பையன், ஆளைக் கண்ணால் பார்க்காததால், இவ்வளவு சத்தம் இரண்டு விரலில் வர வாய்ப்பே இல்லை என்று நினைத்து, கட்டை விரலோடு இன்னும் மூன்று விரலைச் சேர்த்துப் பழகிக்கொண்டான். அந்தப் பையன்தான் பின்னாளில் பெரிய கிட்டார் கலைஞரான செட் அட்கின்ஸ். தப்பாகப் புரிந்துகொண்டதில் ஒரு பாணியே பிறந்துவிட்டது. ஆகவே வீடியோவில் ஆளாளுக்கு ஒன்று சொல்வதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், எல்லாமே நடைமுறையில் இருப்பவைதான். நீங்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் போங்கள்.

பத்து வருடம் வீணை படித்தவள் நான். மகனுடைய கிட்டாரை எடுத்து மீட்டினால் வலது கை எனக்கே வேறு யாருடைய கையோ போல இருக்கிறது. வீணைப் பழக்கம் உதவுமா, தடையா?
- வாசகி, தஞ்சாவூர்

இரண்டும்தான் அம்மா. இடது கையைப் பொறுத்தவரை உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. தந்தியை அழுத்தும் பலம், விரல் நுனிக் காய்ப்பு, கம்பியை இழுத்துச் சுரத்தை வளைக்கும் பழக்கம், இதற்கெல்லாம் மற்றவர்கள் மாதக் கணக்கில் அழுவார்கள். என்ன, வீணையின் மெட்டு (கிட்டாரில் ஃபிரெட் என்பது) உயரமாக இருப்பதால் கமகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், கிட்டாரில் அந்த அளவுக்கு இழுத்தால் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும்.

வலது கைதான் வேறு ஊர். வீணையில் ஆள்காட்டியும் நடு விரலும் ராகத்தைக் கீழ்நோக்கி மீட்டும், சுண்டு விரல் பக்கத்தில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளை மேல்நோக்கி மீட்டும், கட்டை விரலுக்கு மீட்டுகிற வேலையே இல்லை. கிட்டாரில் எல்லாம் தலைகீழ். மற்ற விரல்கள் உள்ளங்கையை நோக்கி மேலே இழுக்க வேண்டும், தாளத்தைக் காப்பாற்றுவது கட்டை விரல், சும்மா இருப்பது சுண்டு விரல். உங்கள் மூளையில் தாளத்துக்கு என்று ஒதுக்கிய விரல் ஏற்கெனவே தனியாக இயங்கப் பழகியிருக்கிறது, அது பெரிய வரம். அந்தப் பொறுப்பைச் சுண்டு விரலில் இருந்து கட்டை விரலுக்கு மாற்றிக் கொடுத்தால் போதும். மேலே கோவை வாசகிக்குச் சொன்ன முதல் வாரப் பாடம் உங்களுக்கு மூன்று நாளில் முடியும் என்பது என் கணிப்பு. வீணைக்கு விரலில் மாட்டும் கம்பி நகத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

நகம் வளர்க்க வேண்டுமா, கூடாதா?
- பள்ளி மாணவி, தூத்துக்குடி

இந்தச் சண்டைக்கு 200 வயது. சோர் நகமில்லாமல் வெறும் சதையால் வாசித்தார், அவருடைய நண்பர் தியோனிசியோ அகுவாதோ நகம் இருந்தால்தான் தெளிவு என்றார். இருவரும் பாரீஸில் சேர்ந்தே வாசித்தவர்கள். பின்னால் வந்த டாரெகா கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டார். அதற்கும் பின்னால் வந்த செகோவியா, சதை முதலில் தொட்டு நகம் கடைசியில் விடுகிற முறையை உலகமெல்லாம் பரப்பினார். இன்றைய கிளாசிக்கல்காரர்கள் பெரும்பாலும் அவர் வழிதான்.

உங்களுக்குப் பள்ளியில் நகம் பார்ப்பார்கள் அல்லவா, அதனால் வெறும் சதையோடு தொடங்குங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ஒலி கொஞ்சம் உருண்டையாக, மெத்தென்று இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். விடுமுறையில் வளர்த்துப் பார்க்க ஆசை இருந்தால் வலது கையில் மட்டும். உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பி விரல் நுனியைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால், சதைக்கு மேலே நகம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் எட்டிப் பார்க்க வேண்டும், கட்டை விரலுக்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம். விரலின் வடிவத்துக்கு வளைவாக அரத்தால் தேய்த்து, கடைசியில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நைசான உப்புத்தாளில் ஓரத்தை வழவழப்பாக்குங்கள். ஓரத்தில் சொரசொரப்பு இருந்தால் ஒவ்வொரு சுரத்துக்கு முன்னாலும் "கிர்" என்று ஒரு சத்தம் கேட்கும். இரும்புக் கம்பி நகத்தை ராவிவிடும், நைலான் அவ்வளவு பாடுபடுத்தாது. கச்சேரிக்கு முதல் நாள் நகம் உடைந்தால் பிங்பாங் பந்தைத் துண்டாக வெட்டி, நகத்துக்கு அடியில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு மேடை ஏறும் பழைய வித்தை ஒன்று கிளாசிக்கல்காரர்களிடம் உண்டு. பார்க்க அசிங்கமாக இருக்கும், கேட்க நன்றாக இருக்கும். இடது கை நகம் மட்டும் ஒட்ட வெட்டியே இருக்கட்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

விரலால் வாசிக்க நைலான் கிட்டாரா, இரும்புக் கம்பியா? வீட்டில் இருப்பது நைலான். கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?
- வாசகர், யாழ்ப்பாணம்

மாற்றவே மாற்றாதீர்கள். இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். இருபது வயதில், சித்தப்பா கொடுத்த பழைய நைலான் கிட்டாரில் சத்தம் போதவில்லை என்று இரும்புக் கம்பி செட் ஒன்றை வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் அருமையாக ஒலித்தது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் சாய்த்து வைத்திருந்தது பட்டென்று வெடித்த சத்தத்தில் வீடே எழுந்து உட்கார்ந்துவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டை) பலகையைப் பெயர்த்துக்கொண்டு ஆறு கம்பியிலும் தொங்குகிறது. சித்தப்பா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். இரும்புக் கம்பியின் இழுவை நைலானைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நைலான் கிட்டாரின் மேல்பலகையும் உள்ளே இருக்கும் குச்சிகளும் அதைத் தாங்குகிற மாதிரி கட்டப்பட்டவை அல்ல.

அதோடு, விரலால் தொடங்குகிறவருக்கு நைலான் ஒரு அதிர்ஷ்டம். கழுத்தின் நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) அகலம் சாதாரணமாக 52 மில்லிமீட்டர், இரும்புக் கம்பிக் கிட்டாரில் 43 அல்லது 44 இருக்கும். அந்த எட்டு, ஒன்பது மில்லிமீட்டர்தான் உங்கள் தடித்த விரல் பக்கத்துக் கம்பியை இடிக்காமல் நுழைய இடம் தருகிறது. நைலான் கம்பியே இரண்டாம் உலகப் போரின் பிள்ளை என்று சொல்லலாம். குடல் நரம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் செய்பவர் நைலானில் கம்பி செய்து பார்க்க, செகோவியாவுக்கு அது பிடித்துப்போக, பத்து வருடத்துக்குள் குடல் நரம்பு ஓரங்கட்டப்பட்டது.

இரும்புக் கம்பிக் கிட்டார் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் செட் வாங்கும்போது கடையில் "லெவன்" என்று கேளுங்கள், முதல் கம்பி 0.011 அங்குலம். 12-ஐ விட விரலுக்குச் சாந்தமாக இருக்கும்.

என் மகள் இடது கைக்காரி. இடது கைக் கிட்டார் கடையில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். வலது கைப் பழக்கத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். கட்டாயப்படுத்த மனம் வரவில்லை.
- ஒரு தாய், சேலம்

கட்டாயப்படுத்தாதீர்கள், அவளையே கேளுங்கள். கிட்டாரில் இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் சில இடது கைக்காரர்களுக்கு வலது கை முறை இயல்பாகவே வந்துவிடும். மேலே சொன்ன நாப்ஃப்ளர் பிறவி இடது கைக்காரர்தான், வாசிப்பது வலது கை முறையில்.

இன்னொரு வழி கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டுவது. கடையில் நட், பிரிட்ஜ் இரண்டையும் அதற்கேற்ப மாற்றித் தரச் சொல்ல வேண்டும், வெறும் கம்பியை மாற்றினால் சுருதி நிற்காது.

மூன்றாவது வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் கதை நன்றாக இருக்கும். எலிசபெத் காட்டன், 1893-இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார், கம்பியை மாற்றவில்லை. அதனால் தடித்த கம்பிகள் கீழே, மெல்லிய கம்பிகள் மேலே. உலகமே கட்டை விரலால் பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) வாசிக்க, இவர் மற்ற விரல்களால் பேஸ், கட்டை விரலால் மெட்டு! நடுவில் பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவே இல்லை, வீட்டு வேலைக்குப் போனார். ஒரு கடையில் வழிதவறிய சிறுமியைத் தாயிடம் சேர்த்ததில் சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வேலை கிடைத்தது, அந்த வீட்டில் தொங்கிய கிட்டாரை எடுத்து வாசித்தபோதுதான் இவர் யார் என்று அவர்களுக்கே தெரிந்தது. முதல் இசைத்தட்டு வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார், கிராமி விருது வாங்கும்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தார். அவர் பாணிக்கு "காட்டன் பிக்கிங்" என்றே பெயர் வந்துவிட்டது. உங்கள் மகள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே அழகாக வாசிக்கிறாள் என்றால் சொல்லுங்கள், அப்போது என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறேன்.

சுண்டு விரலைக் கிட்டார் பலகையில் ஊன்றி வாசிக்கலாமா?
- வாசகர், ஈரோடு

கிளாசிக்கல் மாஸ்டரிடம் கேட்டால் கூடாது என்பார், நாட்டுப்புறப் பாணிக்காரர்கள் பலர் ஊன்றித்தான் வாசிக்கிறார்கள். லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லை. நகம் வெளுக்கிற அளவு அழுத்தினால் மோதிர விரலும் சேர்ந்து விறைத்துவிடும், முயன்று பாருங்கள், தெரியும்.

சர்ச்சில் பாட்டுக் குழுவோடு விரலால் வாசித்தால் கிட்டார் சத்தமே கேட்பதில்லை. பலமாக இழுத்தால் கம்பி ஃபிரெட்டில் மோதி "டப்" என்கிறது.
- வாசகர், நாகர்கோவில்

பலமாக இழுப்பதில் இல்லை விஷயம். கம்பியைப் பலகையை விட்டு வெளியே தூக்கி விட்டால் அது திரும்பி வந்து ஃபிரெட்டில் அறையும், அதுதான் உங்கள் "டப்". விரலைக் கம்பியின் மேல் வைத்து, லேசாக உள்ளே அழுத்தி, உள்ளங்கையை நோக்கி விடுங்கள். அசைவு விரலின் அடிக் கணுவிலிருந்து வரட்டும், மணிக்கட்டு துள்ள வேண்டாம். மெட்டு தனியாகத் தெரிய வேண்டிய இடத்தில் இழுத்த விரல் அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கட்டும், அபோயாண்டோ என்பார்கள், அதில் சத்தம் பருமனாக வரும்.

கட்டை விரலில் மோதிரம் மாதிரி மாட்டுகிற தம்ப் பிக் ஒன்று வாங்கிப் பாருங்கள். டிராவிஸும் அட்கின்ஸும் அதைத்தான் மாட்டினார்கள். முதல் வாரம் கட்டை விரலில் யாரோ பலகை கட்டிய மாதிரி இருக்கும். அதற்கு மேலும் கேட்கவில்லை என்றால், முப்பது பேர் பாடுகிற இடத்தில் வெறும் விரல் எப்படியும் எடுபடாது. பிக்-அப் (கம்பியின் ஒலியை மின்சாரமாக்கும் கருவி) வைத்த கிட்டாரை ஒலிபெருக்கி மிக்சரில் இணைத்துவிடுங்கள், அல்லது கூட்டுப் பாட்டுக்கு மட்டும் பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் மானக்கேடு இல்லை.

ஹாஸ்டலில் இரவு 10 மணிக்கு மேல்தான் பழக நேரம் கிடைக்கிறது. அறைத் தோழர்கள் விரட்டுகிறார்கள். என்ன செய்ய?
- மருத்துவ மாணவர், மதுரை

இண்டியானாபோலிஸில் வெஸ் மான்ட்கோமரி என்று ஒருவர் இருந்தார். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரியில் கிட்டார். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் இருக்க பிக்கை விட்டுவிட்டு வெறும் கட்டை விரலால் மெல்ல வாசிக்கத் தொடங்கினார் என்று சொல்லுவார்கள். அந்தக் கட்டை விரல் ஒலிதான் பிற்பாடு ஜாஸ் கிட்டாரில் அவருடைய அடையாளமே ஆயிற்று.

உங்களுக்கு ஒரு கைக்குட்டை போதும். நான்காக மடித்து பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆறு கம்பிக்கும் அடியில் செருகிவிடுங்கள். சுரம் நீளாது, "டொக் டொக்" என்றுதான் கேட்கும், கட்டை விரல் பயிற்சிக்கு அது போதும், சொல்லப்போனால் தாளம் தவறுகிற இடம் இன்னும் பளிச்சென்று தெரியும். காலையில் ட்யூன் செய்வதற்கு முன்னால் கைக்குட்டையை எடுத்துவிடுங்கள். ஒரு பையன் எடுக்க மறந்து, கிட்டார் கெட்டுப்போய்விட்டது என்று பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டான்.